அரை மில்லி அதிகம்

நான் விற்பது கண்ணாடி. சன்னல் கண்ணாடியும் இல்லை, முகம் பார்க்கிற கண்ணாடியும் இல்லை. கட்டைவிரல் நுழைகிற அகலத்தில், இரண்டு பக்கமும் திறந்த ஒரு சின்னக் குழாய்த் துண்டு. வேப் என்கிற மின் சிகரெட் பிடிக்கிறவர்களின் கருவியில் திரவம் நிற்பதற்கு டேங்க் என்று ஒரு பகுதி இருக்கும். அந்த டேங்கின் வயிறு இதுதான். கீழே விழுந்தால் முதலில் உடைவதும் இதுதான். உடைந்த பிறகுதான் ஜனங்களுக்கு என் ஞாபகம் வரும். தென் சீனாவில் எங்கள் சாஜிங்கில் தெருவுக்குத் தெரு வேப் தொழிற்சாலை. புதிதாகச் செய்து விற்கத்தான் எல்லோருக்கும் ஆசை. உடைந்ததற்கு மாற்று விற்கிற சில்லறைப் பிழைப்புக்கு என்னைப் போல வேறு போக்கிடம் இல்லாதவர்கள் நாலைந்து பேர் இருக்கிறோம்.

என் பெயர் லியாவ் மெய்ஷியூ. வயது நாற்பத்து நான்கு. ஹூனானிலிருந்து இங்கே வந்து இருபத்தோரு வருடம் ஆகிறது. கணவர் இருக்கிறார். எட்டு வருடத்துக்கு முன்னால் டோங்குவானில் அச்சு வார்க்கிற வேலை கிடைத்தது என்று கிளம்பினார். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். இன்னும் திரும்பி வந்தபாடில்லை. அங்கே ஒரு தேநீர்க் கடைக்காரியோடு குடித்தனம் என்று கேள்வி. யாராவது கேட்டால், பஸ் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. ஒரு சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். அடுத்த தெருப் பட்டறையில் நீளக் குழாய்களை அறுத்து, விளிம்பை நெருப்பில் காட்டி மழுங்கடித்துத் தருவார்கள். நான் ஒவ்வொன்றையும் வெர்னியரில் வைத்து அளந்து, விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்து, அகலவாரியாக, உயரவாரியாகப் பிரித்துப் போடுவேன். கடை கணினியில். வாங்குகிறவர் எழுதுவார், நான் பதில் எழுதுவேன். நாள் முழுக்க வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. கீழே அட்டைப்பெட்டிக் கடை வைத்திருக்கும் சுவாங் அக்கா மட்டும் இல்லாவிட்டால் எனக்குக் குரல் இருக்கிறதா என்றே சந்தேகம் வந்திருக்கும்.

போன நவம்பர் பதினொன்றாம் தேதி லுவான் ஷென்ஹாய் என் கடைக்கு வந்தார். அந்தத் தேதிக்கு எங்கள் நாட்டில் தனிக்கட்டைகளின் நாள் என்று பெயர். தனியாக இருக்கிறவர்களைக் கேலி செய்ய யாரோ கல்லூரிப் பிள்ளைகள் ஆரம்பித்தது. இப்போது ஊரே தள்ளுபடியில் வாங்கித் தள்ளுகிற நாளாகிவிட்டது. அன்று மட்டும் முந்நூறு பெட்டி கட்டினேன். வடகோடியில், ரஷ்ய எல்லைப் பக்கம் யீச்சுன் என்கிற ஊரிலிருந்து இருபத்திரண்டு மில்லிமீட்டர் அகல டேங்குக்கு ஒரு கண்ணாடி கேட்டிருந்தார்.

இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்லியாக வேண்டும். அந்த இருபத்திரண்டு மாடல் சந்தைக்கு இரண்டு தடவை வந்தது. முதல் தடவை வந்ததற்குக் கண்ணாடி உயரம் பதினெட்டு மில்லி. அடுத்த தடவை மூடியை லேசாக மாற்றினார்கள். கண்ணாடி பதினேழரை ஆயிற்று. வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அடிப்பாகத்தில் முதலாவதற்கு ஒரு கோடு, இரண்டாவதற்கு இரண்டு கோடு. அதனால் இருபத்திரண்டு கேட்டால் அடிப்பாகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, கோட்டை எண்ணிவிட்டுத்தான் கண்ணாடியைத் தொடுவோம். அன்றைக்கு முந்நூறு பெட்டி. நான் கேட்கவில்லை. பெரும்பாலான ஆட்களிடம் இருப்பது முதலாவதுதான் என்கிற நினைப்பில் பதினெட்டை எடுத்துச் சுற்றி அனுப்பிவிட்டேன்.

பதினைந்து நாளில் கண்ணாடி உடைந்துவிட்டது. உடைந்தால் சில்லுகளை ஒரு தாளில் பரப்பிப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். நாங்கள் கேள்வி கேட்காமல் வேறு ஒன்று அனுப்புவோம். அதுதான் எங்கள் வழக்கம். அவர் படத்தோடு ஒரு குரல் பதிவும் அனுப்பியிருந்தார்.

"தங்கச்சி, கோவிச்சுக்காத. எழுத்து அடிக்க எனக்குக் கண்ணு புடிபடல, அதான் பேசுறேன். கண்ணாடி போயிருச்சு. பார்சல்காரன் மேல தப்பில்ல, உன் மேலயும் தப்பில்ல. நான்தான் ஒரு திருகு கூடத் திருகிட்டேன் போல."

கனமான, தொண்டையில் லேசாகக் கரகரக்கிற குரல். என்னை ஒருவர் தங்கச்சி என்று கூப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன்; கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தப் பதிவை நாலு தடவை கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, யார் பார்க்கப்போகிறார்கள். பிறகு நானும் குரலிலேயே பதில் சொன்னேன்.

"அதனால என்னண்ணே, வேற அனுப்புறேன். கண்ணாடின்னா உடையத்தானே செய்யும்? உடையலன்னா நான் எதை வச்சுச் சோறு திங்கிறது?"

அவர் சிரித்த சிரிப்பு அடுத்த பதிவில் வந்தது. சொந்த எண்ணைக் கொடுத்தார். நானும் கொடுத்தேன்.

அவர் முடிதிருத்துகிறவர். வயது ஐம்பத்தெட்டு. மர ஆலைக் குடியிருப்புக்குக் கீழே, நாற்பது வருடமாக ஒரே கடை. மனைவி இறந்து ஆறு வருடம். மகள் தொலைவில் டாலியன் நகரத்தில், இருபத்தாறாவது மாடியில் குடியிருக்கிறாள். வேப் எதற்கு என்று கேட்டதற்குச் சொன்னார்:

"முப்பது வருஷம் சிகரெட்டு. ஒருத்தன் மூக்குக்குக் கீழ விரலை வச்சு மீசை ஒதுக்குறேன், அவன் மூஞ்சியச் சுளிக்கிறான். தொழிலுக்கு ஆவுமா? விட்டுட்டேன். இப்ப விரல்ல சோப்பு வாசனைதான். கிழவனுங்கல்லாம் 'என்னடா லுவான், புது மாப்ள மாதிரி மணக்குற'ங்கிறானுங்க."

இரண்டாவது கண்ணாடி டிசம்பர் பாதியில் உடைந்தது. மறுபடி படம், மறுபடி குரல், மறுபடி பேச்சு. பேச்சு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. அங்கே பனி எவ்வளவு, இங்கே மழை உண்டா, என்ன சமைத்தாய், காரம் இல்லாமல் உங்கள் ஊர்க்காரர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள். கண்ணாடி கைக்குப் போய்ச் சேர்ந்ததும் நன்றி சொல்வார். அப்புறம் சத்தம் இருக்காது. அடுத்தது உடைந்தால்தான் மறுபடி வருவார். ஆண்பிள்ளைகளுக்கு ஒரு காரணம் வேண்டும். காரணமில்லாமல் இன்னொருத்தி வீட்டுக் கதவைத் தட்டுகிற ஜாதி இல்லை அவர்.

ஜனவரி முதல் வாரம் மூன்றாவது படம் வந்தது. சில்லுகளைப் பழைய செய்தித்தாளில் பரப்பியிருந்தார். ஓரத்தில் ஒரு சீப்பு, சவரக் கத்தியின் கைப்பிடி. நான் எப்போதும் சில்லை விட ஓரத்தைத்தான் பார்ப்பேன். இந்தத் தடவை ஓரத்தில் டேங்கும் படுத்துக் கிடந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். அடியில் இரண்டு கோடு.

வெர்னியரை எடுத்தேன். எடுக்கவே தேவையில்லை, இழுப்பறையின் மேலேயே எழுதியிருக்கிறது, ஆனாலும் அளந்தேன். பதினெட்டு. அவருக்கு வேண்டியது பதினேழரை. அரை மில்லி அதிகமானால் மூடி முழுதாக உட்காராது. திருகினால் ரப்பர் வளையம் நசுங்கி எப்படியோ மூடிக்கொள்ளும், கண்ணாடி மட்டும் நெரிபட்டுக்கொண்டே இருக்கும். சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் நெட்டுக்குக் கீறல் விடும். மனிதர் ஒரு திருகும் கூடத் திருகவில்லை. தப்பு முழுக்க என்னுடையது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்குத்தான் உட்கார்ந்தேன். பதினேழரையை எடுத்துச் சுற்றி, பெட்டியில் வைத்து, முகவரிச் சீட்டும் ஒட்டிவிட்டேன். அப்புறம் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சரியான கண்ணாடி என்றால் அது வருடக்கணக்கில் உடையாது. உடையவில்லையென்றால் அவர் எதற்கு என்னிடம் பேச வேண்டும்? பதினோரு வருடமாக விற்கிறேன். சரியான கண்ணாடி வாங்கிப் போன ஒருவர்கூட அது நன்றாக இருக்கிறது என்று சொல்ல வந்ததில்லை.

பெட்டியைப் பிரித்தேன். பதினேழரையை எடுத்துவிட்டுப் பதினெட்டை வைத்தேன். கை தவறி அல்ல, மறந்து அல்ல. தெரிந்தே செய்தேன்.

பெட்டி வாங்கக் கீழே போனபோது சுவாங் அக்கா ஆரம்பித்தாள். அவள் சாவ்ஷான் வட்டாரத்துக்காரி, ஊரார் பார்சலின் முகவரியெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"ஏண்டி, யீச்சுனுக்கு மாசம் ரெண்டு பெட்டி போகுதே, அங்க யாருடி உனக்கு?"

"முடி வெட்டுறவர் ஒருத்தர், அக்கா."

"உன் தலையப் பாத்தா அப்படித் தெரியலையே."

"போக்கா. கண்ணாடி உடையுது, அனுப்புறேன்."

"மாசம் ரெண்டு கண்ணாடி உடைக்கிறானா? அவன்கிட்ட யாரு கழுத்த நீட்டுறா?"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே என்னை அறைய வேண்டும் போலிருக்கிறது.

எங்கள் புத்தாண்டான வசந்த விழா வந்தது. தொழிற்சாலைகள் மூடின, தெரு காலியானது, சுவாங் அக்காவும் ஊருக்குப் போய்விட்டாள். பார்சல் எடுக்கிற ஆட்களும் இல்லை. நான் போகவில்லை. ஹூனானில் அண்ணன் வீடு இருக்கிறது; அண்ணி ஒவ்வொரு வருடமும் டோங்குவான் கதையைக் கேட்பாள். புத்தாண்டுக்கு முந்தின மத்தியானம், அடைத்துக் கிடந்த கடைகளைப் பார்த்தபடி சன்னலோரம் நின்றிருந்தேன். செல்பேசி அடித்தது. முதல் தடவையாக அழைத்துப் பேசினார். பின்னால் பலகையில் கறி கொத்துகிற சத்தம்.

"என்ன தங்கச்சி, சாப்பிட்டியா?"

"ஆச்சுண்ணே. என்ன, விருந்தா? டமடமன்னு கேக்குது."

"கொழுக்கட்டைக்குக் கறி கொத்துறேன். கை ஞாபகத்துல அறுபது கொழுக்கட்டைக்கு மாவு பிசைஞ்சிட்டேன். திங்கிறது நான் ஒருத்தன். இன்னும் ரெண்டு மாசத்துக்கு இதான் சாப்பாடு."

"மக வரலையா?"

"மாப்ளைக்கு லீவு இல்லியாம். ஆமா, நாலாவதும் போயிருச்சு. முந்தாநாள். உங்கிட்ட சொல்லவே கூச்சமா இருக்கு. எனக்கு என்னமோ கை பழைய மாதிரி இல்ல. எவ்வளவு பலம் போடுறேன்னு எனக்கே தெரியல."

"அண்ணே, கிழவன் வேஷம் போடாதீங்க. பார்சல் தொறந்ததும் மொத பெட்டி உங்களுக்குத்தான்."

"இனிமே ஒரு மாசம் சும்மாதான் குந்தியிருக்கணும். மொத மாசம் முடி வெட்டினா தாய்மாமனுக்கு ஆகாதுன்னு ஒரு பயலும் வர மாட்டான். எங்க ஊர்ல தாய்மாமனுங்க எல்லாம் என்னாலதான் உசுரோட இருக்கானுங்க."

அரை மணி நேரம் பேசினோம். வைத்த பிறகு எனக்குப் பசித்தது. மிளகாயும் உப்புக்கண்டமும் போட்டு வதக்கி, இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டேன். அவ்வளவு சந்தோஷம். கை பழைய மாதிரி இல்லை என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. விழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். விழுந்ததை எடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

விழா முடிந்ததும் ஐந்தாவதை அனுப்பினேன், பதினெட்டு. பன்னிரண்டு நாள் தாங்கியது. ஆறாவது, அதுவும் பதினெட்டு. நாலே நாள். வெளியே குளிரில் வைத்திருந்துவிட்டு உடனே இழுத்தாராம்.

எங்கள் சந்திரப் பஞ்சாங்கப்படி இரண்டாம் மாதம் இரண்டாம் தேதி டிராகன் தலை தூக்குகிற நாள். ஒரு மாதம் தாய்மாமனுக்காகப் பொறுத்திருந்த ஊர் மொத்தமும் அன்றைக்குத்தான் தலையைக் கொடுக்கும். முடிதிருத்துகிறவர்களுக்கு வருடத்தில் அதைவிடப் பெரிய நாள் இல்லை. விடியலிலிருந்து வரிசை நிற்கும் என்று ஜனவரியிலிருந்தே பெருமையடித்துக்கொண்டிருந்தார். அன்று முழுக்க அவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நான் பேசாமல் இருந்தேன். மறுநாள் அவரே அழைத்தார்.

"எப்படிண்ணே? கூட்டம் நெரிஞ்சுதா?"

"வந்தாங்க. முடி மட்டும் வெட்டினேன். ஷேவிங் இல்லன்னுட்டேன்."

"ஏன்?"

"கத்தியைத் தூக்கி உள்ள வச்சிட்டேன், தங்கச்சி. ஒரு சின்னக் கண்ணாடிய மூடத் தெரியல, உடைக்கிறேன். மனுசன் தொண்டையில கத்தி வைக்கிறதா? எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. மரம் அறுக்கிறவர். டீ கிளாஸைப் புடிச்ச புடியில உடைப்பார். எவ்வளவு பலம்னு கைக்குத் தெரியாது. அப்புறம் நடுக்கம். ரெண்டு வருஷத்துல எங்கம்மா ஊட்டிவிட்டா."



"டாக்டர்கிட்ட போனீங்களாண்ணே?"

"எதுக்கு? அப்பாவுக்குச் சொன்னதையே எனக்கும் சொல்லுவான். பக்கத்து மருந்துக்கடைக்காரன் என் கடையைச் சேத்துக் கேட்டுட்டே இருந்தான். சரின்னுட்டேன். சிங்மிங் வருதுல்ல, என் பொண்டாட்டி கல்லறையத் தொடைச்சுட்டு, அன்னிக்கே சாவியக் கொடுத்துட்டு டாலியன் போயிடுறேன். மக ஒரு ரூம் ஒதுக்கி வச்சிருக்கா. பால்கனியத் தடுத்து எடுத்த ரூம். நின்னா கடல் தெரியுமாம்."

"உங்களுக்குப் போக இஷ்டமா?"



"இஷ்டமா இருந்தா நாப்பது வருஷம் இங்க இருப்பேனா? அங்க எனக்கு யாரைத் தெரியும்? லிஃப்ட்டத்தான் தெரியும்."

ஊரே கல்லறைக்குப் போகிற அந்தச் சிங்மிங் நாளுக்கு இன்னும் இருபத்தைந்து நாள் இருந்தது. அந்தக் கணத்தில் சொல்லியிருக்கலாம். அண்ணே, உங்கள் கையில் ஒன்றும் இல்லை, என் கையில்தான் எல்லாம் என்று ஒரு வரி. வரவில்லை. சொன்னால் அவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்றுதான் என் மனசு ஓடியது. அவர் கடையைப் பற்றி ஓடவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கேவலமாக இருக்கிறது.

அதனால் கோழைகள் செய்வதைச் செய்தேன். ஏழாவதாகப் பதினேழரையை அனுப்பினேன், ஒன்றும் சொல்லாமல். இது உடையாது. பத்து நாள், இருபது நாள் உடையாவிட்டால் கை சரியாகத்தான் இருக்கிறது என்று அவரே தெளிவார், கடையைக் கொடுக்க மாட்டார், என் குட்டும் உடையாது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். பேச்சு நின்றுபோகும் என்பது மட்டும் வலித்தது. பரவாயில்லை, அந்தத் தண்டனை எனக்கு வேண்டியதுதான் என்று ஒரு தியாகி மாதிரி இழுப்பறைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் குரல் வந்தது. நல்ல உற்சாகமான குரல்.

"தங்கச்சி, இந்தத் தடவ உடையல! ஏன்னு கேளு. நான் தொடவே இல்ல. மருந்துக்கடைக்காரனைக் கூப்பிட்டு, டேய் நீ மூடிக் குடுடான்னேன். அவன் மூடினான், கல்லு மாதிரி நிக்குது. அப்ப இவ்வளவு நாளா என் கைதான். பாரு, நான் எடுத்த முடிவு சரிதான்னு ஆயிருச்சு. மனசு இப்பத்தான் நிம்மதியாச்சு. சாமான் கட்ட ஆரம்பிச்சுட்டேன்."

நாற்காலியில் உட்கார்ந்தேன். வெளியே வெயில் கொளுத்தியது. கீழே சுவாங் அக்கா யாரோடோ பேரம் பேசுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. அவர் கையைப் பிடுங்கியது நான். அந்தக் கண்ணாடியை மூடுகிற உரிமையைக்கூட இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு, நிம்மதி என்கிறார்.

இனி சுற்றி வளைக்க வழியில்லை. பதினெட்டை வெர்னியரின் தாடையில் வைத்து எண் தெரியும்படி படம் எடுத்தேன். பதினேழரையை வைத்து இன்னொரு படம். அவருடைய மூன்றாவது படத்தில் டேங்க் அடியில் இரண்டு கோடு தெரிகிற இடத்தைச் சுழித்து மூன்றாவது படம். மூன்றையும் அனுப்பிவிட்டுப் பேசினேன். எத்தனை தடவை அழித்துப் பேசினாலும் கடைசியில் இவ்வளவுதான் வந்தது:

"அண்ணே, உங்க கையில ஒண்ணும் இல்ல. கண்ணாடி அரை மில்லி நீளம். யாரு மூடினாலும் உடையும், மருந்துக்கடைக்காரன் மூடினாலும் உடையும். இப்ப வந்தது மட்டுந்தான் சரியான அளவு. நீங்களே கழட்டி நீங்களே மூடிப் பாருங்க. கடையக் கொடுக்காதீங்க."

கால் மணி நேரத்தில் அழைப்பு வந்தது.

"கழட்டி மூடினேன்," என்றார். "அப்படியே உக்காருது. முன்னாடி அப்படி உக்காரல."

"ஆமாண்ணே."

"எப்பத்திலேர்ந்து உனக்குத் தெரியும்?"

இன்றைக்குத்தான் கவனித்தேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார், நம்புவதற்கென்றே பிறந்த மனுஷன். நன்றி கூடச் சொல்லியிருப்பார். ஆனால் அப்படிச் சொன்னால், ஆறு கண்ணாடியையும் அளக்காமல் அனுப்புகிற ஒருத்தி ஏழாவதை மட்டும் எப்படிச் சரியாக அனுப்பினாள் என்று ஒரு நாள் அவருக்குச் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால் மறுபடி கையைப் பார்ப்பார். அது மிச்சம் இருக்கக்கூடாது.

"மூணாவது போட்டோவிலேர்ந்து."

"நாலாவது?"

"தெரிஞ்சுதான் அனுப்பினேன்."

"அஞ்சாவது, ஆறாவது?"

"தெரிஞ்சுதான்."

"எதுக்கு?"

"உடைஞ்சாத்தான் பேசுவீங்க."

 திட்டினால் தேவலாம் என்றிருந்தது.

"சூவே மாமா நாப்பது வருஷமா எங்கிட்டதான் ஷேவ் பண்ணுறார்," என்றார் கடைசியில். குரல் உயரவே இல்லை. "டிராகன் நாளு அன்னிக்கு வந்து நாற்காலியில சாஞ்சு கழுத்தைக் காட்டிட்டுப் படுத்திருந்தார். அந்த மனுசனை எழுப்பி, வேற கடைக்குப் போங்கன்னு நான் அனுப்பினேன். அவர் என்னையே பாத்துட்டுப் போனார்."

"அண்ணே..."

"நீ சும்மாவே கூப்பிட்டிருக்கலாமே," என்றார். "எடுத்திருப்பேனே."

வைத்துவிட்டார்.

அதற்கு மறுநாள் ஒரு வரி எழுதினேன்: சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். பக்கத்தில் சிவப்பு வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி வந்தது. எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும், அவர் என்னைத் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார் என்று அர்த்தம். நியாயம்தான். ஆனால் அதன் பிறகு எனக்கு எதுவும் தெரிய வழியில்லை. கோபத்தில் இருக்கிறாரா, நம்பினாரா, இல்லை எல்லாவற்றையும் வெறுத்துப்போய் டாலியனுக்கே கிளம்பிவிட்டாரா? சிங்மிங் அன்று ஊரே கல்லறைக்குப் போனது. நான் அறையில் உட்கார்ந்து, அளந்து வைத்த கண்ணாடிகளையே எடுத்து மறுபடி அளந்துகொண்டிருந்தேன். சாப்பிடக்கூட இல்லை. இருபத்தாறு மாடியும் லிஃப்ட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

சிங்மிங் முடிந்து நாலாம் நாள், சுவாங் அக்கா மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்தாள். அவளுடைய கையில் செல்பேசி.

"உன் கடைக்கு எவனோ ஒரே ஒரு நட்சத்திரம் போட்டுருக்கான்டி! உச்சியிலயே நிக்குது. பெட்டி வாங்க வந்தவன் காட்டுறான். பாத்தியா இல்லையா?"

வாங்கிப் பார்த்தேன். பெயரில்லை, யீச்சுன் என்று ஊர் மட்டும் இருந்தது. எழுத்து அடிக்கக் கண் பிடிபடாத மனிதர் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக அடித்திருக்கிறார்.

"கண்ணாடி அரை மில்லி அதிகம். கடைக்காரி தெரிந்தே அனுப்பினார். என் கையில் ஒரு குறையும் இல்லை."

கீழே ஒரு படம். மேசையில் டேங்க் நிற்கிறது. நான் வழக்கம்போல ஓரத்தைப் பார்த்தேன். நுரை ஒட்டிய தூரிகை. அதற்குப் பின்னால் நாற்காலியில் சாய்ந்து கிடக்கிற ஒரு வயதானவரின் தாடை, பாதி மழித்து, பாதி நுரையோடு. தேதி நேற்றையது.

"கை நல்லாருந்தா உனக்கென்ன, நல்லால்லாட்டி உனக்கென்ன?" என்றாள் சுவாங் அக்கா. "பைத்தியக்காரன். கால்ல விழுந்தாவது எடுக்கச் சொல்லுடி. ரெண்டு கண்ணாடி சும்மா அனுப்பு, எடுத்துருவான். எல்லாரும் அப்படித்தான பண்ணுறாங்க? இது நின்னா உங்கிட்ட எவன் வாங்குவான்?"

"நிக்கட்டும்க்கா."

"என்னடி நிக்கட்டும்? இது யாருடி?"

"முடி வெட்டுறவர்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

விமர்சனத்துக்குக் கீழே கடைக்காரர் பதில் எழுத ஒரு கட்டம் உண்டு. மன்னிப்பு, விளக்கம், தவறான புரிதல் என்றெல்லாம் எழுதுவார்கள். நான், "அவர் சொல்வது அத்தனையும் உண்மை. அவருடைய கை சரியாக இருக்கிறது" என்று எழுதி அனுப்பினேன். பிறகு அந்தப் படத்தை வைத்துக்கொண்டு அக்காவுக்கு முன்னாலேயே அழுதேன். அவர் இனி என்னோடு பேசப்போவதில்லை. யீச்சுனில் கடை திறந்திருக்கிறது.